இடது பக்கம் நான்கு விரல்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு டொக்.
மறுபடி வைத்தால் இன்னொன்று.
தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்திருந்த நர்ஸ் பெகிமை
கராக்குல் ஏரி வரும்வரை பொறுத்துவிட்டுக் கேட்டாள்:
"பின்னால் யாராவது இருக்கிறார்களா?"

வேனில் பாதி என்னுடையது, பாதி ஷம்பெத்துடையது.
ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவன்.
கிளட்சை விறகு பிளப்பதுபோல் விடுகிறேன் என்பான்.
நிலக்கரி ஏற்றி ஆற்றுக்குள் இறக்குகிறாய் என்பேன்.
அந்த டொக்குக்கு
ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம்,
அடுத்தவர் பெயரை.

"டிஃபரன்ஷியல் போச்சு" என்றான் போன வாரம்.
பார்த்தானா? இல்லை. காதால் கேட்டான், அவ்வளவுதான்.
ஓஷிலிருந்து பழைய ஆக்ஸில் ஒன்று லாரி ஏறிவிட்டது,
முன்பணம் ஒரு யாக்.
யாக் என்றால் அந்த வெள்ளை நெற்றிக்காரி.
அவளிலும் பாதி என்னுடையது.

முர்காபின் கன்டெய்னர் கடைகள் திறக்குமுன்
அட்டையை விரித்து வண்டிக்கடியில் போனேன்.
மே மாதம்தான். ஆனாலும் தரை முதுகைத் தின்றது.

இந்த வேனின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது,
நடுவில் ஓடும் நீள ஷாஃப்டைப் பிடிக்கும்.
எல்லோரும் திட்டும் அந்தக் கோளாறு
இன்றைக்கு எனக்கு ஓர் ஆள் கூலி மிச்சம்.
ஷாஃப்ட் பூட்டிக் கிடக்க,
வலது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி
டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன்.
சாக்பீஸ் கோடு இரண்டு விரல் நகர்ந்து
உள்ளே பல்லில் முட்டி நின்றது.
கிழட்டு வண்டிக்கு இரண்டு விரல் நியாயம்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
எண்ணெய்க்கு வழி வேண்டாமா?

இறக்கி, இடது பக்கம் தூக்கினேன்.
நான்கு விரல்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.
நடுப்பெட்டிக்குள் குற்றம் என்றால்
இரண்டு பக்கமும் ஒரே கணக்குச் சொல்லியிருக்கும்.
கிரவுனுக்கும் பினியனுக்கும்
ஓரவஞ்சனை தெரியாது.

சந்தேகம் விடுமா.
எண்ணெயைச் சொட்டு எடுத்து விரலிடையில் தேய்த்தேன்:
கருப்பு, வழவழப்பு, இரும்பு மினுக்கம் இல்லை.
பினியன் கழுத்தை மேலும் கீழும் இழுத்தேன்: கல்.

கடைசியில் இடது சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து
மறுகையால் டயரை ஆட்டினேன்.
ஹப் நகர்ந்தது.
அதோடு ஒட்டிக் கிடக்க வேண்டிய ஆக்ஸில் தகடு,
கூப்பிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்புகிறவர்போல,
அப்புறம் அசைந்தது.
ஆறு நட்டில் நான்கு வெறும் விரலுக்கே சுழன்றன.
ஸ்பிரிங் வாஷர் இரண்டில்தான் இருந்தது.

ஜனவரி. அக்-பைதால் கணவாய்.
அங்கே பேரிங் மாற்றியது யார்?
கையுறை கழற்றினால் தோல் ஸ்பேனரோடு போகும் குளிர்.
ஊருக்குப் போய் இறுக்கிக்கொள்ளலாம் என்று
சொன்னது யார், யாரிடம்?

வீட்டுக்குள் போய்
குளிர்காலக் கோட்டின் பையைத் துழாவினேன்.
சூரியகாந்தி விதைத் தோல்,
அதற்கடியில் நான்கு வாஷர்,
அத்தனை மாதமும் என் இடுப்போடு
ஊர் ஊராய் வந்தவை.

மாட்டினேன். இறுக்கினேன்.
தகட்டின் துளைகள் நீண்டுபோயிருந்தன,
அதற்கு இங்கே மருந்தில்லை.
ஓட்டிப் பார்த்தேன். டொக் சாகவில்லை,
கதவுக்கு வெளியே போய் இருமியது.

மாலை லாரி வந்தது.
ஷம்பெத்தும் லாரிக்காரரும் மூச்சுவாங்கி
ஆக்ஸிலை வாசலில் இறக்கினார்கள்.
"இன்னும் சத்தமிருக்கா?"
"கொஞ்சம்."
"நான்தான் சொன்னேனே."

"அடியில் படு, நீயே அளந்து பார்," என்றேன்.
ஜாக்கியை நான் மாற்றி மாற்றித் தூக்க,
அழியாத என் கோட்டின்மேல் விரல் வைத்தான்.
வலது பக்கம் இரண்டு.
இடது பக்கம் இரண்டே கால்.
அப்புறம் அந்தப் புது வாஷர்களைப் பார்த்திருக்க வேண்டும்,
வெகுநேரம் கீழேயிருந்து பேச்சில்லை.

"ஜனவரியில் அந்தப் பேரிங்கை..." என்று தொடங்கினான்.
"ஆமாம்," என்றேன்.

லாரிக்காரர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்:
"திருப்பி ஏற்றவா, வேண்டாமா?"