பதினாலு குடம்

பெருமணலில் பனி பெய்ததில்லை.
எங்கள் வள்ளத்தின் பெயர் பனிமய மாதா.

போன கார்த்திகையில் இதை ஒருவனுக்கு
விளக்க வேண்டியிருந்தது.
போலந்துக் கரையில் ஒரு படகுப் பட்டறை.
உல்லாசப் படகுகளைக் கரையேற்றியதும்
ஏசிக்குள் கிடக்கும் கடல்நீரை வடிப்பது என் வேலை.
ஒரு மடக்கு மிஞ்சினால் போதும்,
தை மாதத்தில் அது கல்லாகும்,
கல்லாகும்போது பருக்கும்,
செம்புக்குழாய் வாய்பிளந்து நிற்கும்.
பம்பைக் கழற்றி, வடிகட்டியைக் கழற்றி
உறையாத திரவத்தை ஒரு முனையில் ஊற்றிவிட்டு
மறுமுனையில் கை நீட்டிக் காத்திருப்பேன்.
ரோஸ் நிறம் விரலில் பட்டால் முடிந்தது.
அடுத்த படகு. ஒரு நாளைக்கு ஒன்பது.

போனில் வள்ளத்தின் படத்தைப் பார்த்து
மேஸ்திரி கேட்டான்,
உங்கள் ஊரில் பனி உண்டா?
இல்லை.
அப்புறம் அவளுக்கு அங்கே என்ன வேலை?
தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்:
மீன் தருகிறாள்.
சில நாள் தருவதில்லை.

இப்போது ஆனி.
காற்றாலைகள் ராப்பகலாய் இரைகின்றன,
கச்சான் மணலை வாரிக் கஞ்சியில் போடுகிறது.
பதினோரு பேர் தள்ளி மேடேற்றிய வள்ளம்
ஆவணிவரை அசையாது.

அண்ணன் ரெமிஜியுஸ் மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து
என் முன்னால் இறக்கினான்.
ஈஸ்டரிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
புது மோட்டாருக்கென்று நான் அனுப்பிய பணம்
அவன் வீட்டு வாசலில்
அஸ்திவாரக் கருங்கல்லாய்க் குவிந்து கிடக்கிறது.
"போன வருசம் அடைச்சிட்டுன்னு சொல்லு"
என்றான்,
என் பக்கத்தில் படுத்திருந்த நாயிடம்.

திறந்தேன்.
இங்கே நீர் உறையாது.
நீர் போய்விடும், உப்பு இருந்துகொள்ளும்.
வளைவுகளில் வெள்ளையாய், பல் பல்லாய்,
கைக்கடக்கமாய் ஒரு தை மாதம்.

ஆணியால் சுரண்டினேன், மூடினேன்,
நீல டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி
மோட்டாரின் காலை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்தேன்.
மூன்றாம் இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்தது.
விலாவிலிருந்து மெல்லிதாய் ஒண்ணுக்குப் போனது.
பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள்.

இங்கே ரோஸ் நிறம் இல்லை.
நாக்குதான்.
தொட்டுப் பார்த்தேன். கடல்.
இன்னொரு டிரம் வேணும் என்றேன்.

மதினி மிக்கேலம்மாள் வெளியே வந்தாள்.
"டிரம்முக்குப் பதினாலு குடம், கொழுந்தனாரே.
குடம் பத்து ரூவா.
லாரி வந்து நாலு நாளாச்சு.
பிள்ளையளுக்குத் தலைக்கு ஊத்தாம வச்சிருக்கேன்,
இந்தச் சனியனுக்கு ரெண்டாங் குளிப்பா?"
அவள் கணக்கில் தப்பில்லை.
என் கணக்கிலும் இல்லை.
மோட்டாரை நிறுத்தினேன்.
காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரெமிஜியுஸ் டிரம்மைச் சாய்த்துக் கொட்டினான்.
வாசலுக்குப் போனான்.
கருங்கல் ஒன்றைத் தூக்கி வந்து
துண்டால் மண் துடைத்து
டிரம்மின் அடியில் இறக்கினான்.
இன்னொன்று. இன்னொன்று.
எதற்கென்று எனக்கு
நாலாவது கல்லில்தான் புரிந்தது.
நானும் போய் ஒன்று தூக்கினேன்.
பாதி டிரம் கல்.
மிச்சத்துக்கு மதினி
எண்ணி எண்ணி ஊற்றினாள்,
ஏழு.
தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது.

பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
விலாவில் வந்த நீரில் விரல் நனைத்து
நாக்கில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.
அவனும் குனிந்தான்,
விரல் நனைத்தான்,
கண்ணை மூடி வெகுநேரம் ருசித்தான்.

"கரிக்கல" என்றான்.

நாய் எப்போதோ எழுந்து போயிருந்தது.