யாரும் தொடவில்லை

இரவு ஒன்பதரை. இன்றைக்கு விமானம் இல்லை,
நாளையும் சந்தேகம் என்கிறது வானொலி.
மலைப்பாதை பனிக்குள் போய்விட்டது.
மூட்டின் உள்ளே பார்க்கும் பெரிய எந்திரம்
ரெய்க்யவிக்கில் இருக்கிறது.
இந்த ஃபியோர்டில் இருப்பது
ஓர் எக்ஸ்ரே, ஆறிப்போன காப்பி,
என் இரண்டு கைகள்.

சால்வோர். பதினேழு வயது.
ஹேண்ட்பால் சட்டையை இன்னும் கழற்றவில்லை.
மீன் ஆலையின் ரப்பர் பூட்சோடு
கதவருகே நிற்கிறார் அப்பா கெடில்.

யார் மோதியது?
"யாரும் தொடவில்லை" என்கிறார்,
யாராவது மோதியிருக்கக் கூடாதா என்பதுபோல.
அந்த இரண்டு சொல்லில்
எனக்குப் பாதி முடிந்துவிட்டது.

எம்பினாள், எறிந்தாள், இறங்கினாள்.
உடம்பு இடப்பக்கம் திரும்பியது,
பாதம் தரையிலேயே நின்றுவிட்டது.
"சத்தம் கேட்டதா?"
"பெஞ்சில் இருந்த ஊன்னுருக்கே கேட்டதாம்."
"வீக்கம்?"
"ஷூ கழற்றும்போது இல்லை. காரில் ஏறுவதற்குள்
கால்சட்டை இறுகிவிட்டது."
நீர் கோத்துக்கொள்ள ஓர் இரவு ஆகும்.
இரத்தம் அவ்வளவு பொறுப்பதில்லை.

நாலு எட்டு நடக்கச் சொன்னேன்.
உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணி நடந்தாள்.
எக்ஸ்ரேயில் எலும்பு யோக்கியம்.

நல்ல காலை முதலில் எடுத்தேன்.
"அது இல்லை, இது" என்றாள்.
"தெரியும். உன் அளவு எது என்று பார்க்கிறேன்."
சிலருக்குப் பிறவியிலேயே தளர்வு.
லேசாக மடக்கி, தொடையை ஒரு கை நிறுத்த,
முன்காலை ஒரு கை இழுக்க,
கொஞ்சம் வந்தது. பிறகு டக்.
படகை அலை இழுக்க
துறைக் கயிறு விறைத்து நிற்குமே, அந்த இடம்.

இனி இந்தக் கால்.
பின்தொடை கருங்கல்லாய் இருக்கிறது.
பொய் சொல்லும் தசை, காப்பதற்காகத்தான் சொல்கிறது.
இப்போது இழுத்தால் எல்லாம் நலம் என்று சாதிக்கும்.
நானும் ஒருமுறை நம்பியிருக்கிறேன்:
ஆர்ன்கெல், கட்டுப் போட்டு அனுப்பினேன்,
படகிலிருந்து இறங்கும்போது மறுபடி மடங்கியது.

அதனால் பேச்சுக் கொடுத்தேன்.
அந்த கோல்கீப்பருக்கு எந்த மூலை பலவீனம்?
முகம் மாறியது. "இடது கீழ்மூலை,
குனிய யோசிப்பாள், தோளைப் பார்த்தாலே தெரியும்,
நான் மேலே எறிவதுபோல் கையை ஓங்கி..."
கையை ஓங்கியே காட்டினாள்.
தொடை என் உள்ளங்கையில் இளகியது.
அவள் என்னை நம்பிய அந்த நொடியில்
இழுத்தேன்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது.
டக் இல்லை.
கரையில் கட்டாத கயிற்றை
இழுப்பதுபோல் இருந்தது.
பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தேன்:
வலித்தது, ஆனால் பிடித்துக்கொண்டது.
போனது நடுவில் இருக்கும் முன் சிலுவை நார்தான்.
உறுதியைப் படம் சொல்லட்டும்,
ஆனால் கைக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னேன்.
ஆண்டுக் கணக்கில் சொன்னேன், மாதக் கணக்கில் அல்ல.
கெடில் தொப்பியைக் கழற்றினார்.
எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அந்தக் காலை இன்னொரு தடவை இழுங்கள்."
இழுத்தேன்.
"இப்போது இதை."
முடியாது என்றேன்.
தசைக்கு ஏற்கெனவே விஷயம் தெரியும்,
மறுபடி ஏமாறாது.

ஐஸ் பையைத் துண்டில் சுற்றி வைத்தேன்.
வெளியே பனிவண்டியின் மஞ்சள் விளக்கு
சுவரில் ஒருமுறை சுற்றிப் போனது.
"அப்பா" என்றாள்,
"நான் எறிந்தது உள்ளே போனதா?"

அவர் பார்க்கவில்லையாம்.
அவள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.