பெரட்டு

கோலக்கெட்டில் டவுனில்
டயர் கடைக்கு மேல்மாடி.
ஒரு ஃப்ரேம் பின்னால் போக
அம்பு விசையை ஒருமுறை தட்டினேன்.
கீழே பையன் ஒரு டயரைக் கழற்றி
ஒட்டுப் போட்டு, காற்றடித்து, மாட்டி
காசை எண்ணி வாங்கிய பிறகு
வந்தது அந்த ஃப்ரேம்.

செம்பனை ஆலைக்கு நாற்பது நொடி விளம்பரம்.
டிரோன் எடுத்ததை யாரோ ஃபோனில் ஏற்றி
ஃபோனிலிருந்து எனக்குத் தள்ளிவிட்டது.
"சின்ன வேலைதான் யோகவல்லி,
பின்னால ஒருத்தன் நிக்கிறான்,
தலையில ஹெல்மெட் இல்ல,
எடுத்துடுங்க" என்றார் சத்தியசீலன்.
முந்நூறு வெள்ளி. வெள்ளிக்கிழமைக்குள்.

கோப்பு சின்னது. கோளாறே அதுதான்.
ஆயிரம் ஃப்ரேமில்
நாற்பதுதான் முழுப்படம்.
மற்றதெல்லாம் துண்டுச் சீட்டு:
முன்னே சொன்ன மாதிரியேதான்,
ஓலை மட்டும் கொஞ்சம் அசைந்தது.
இருபத்து நான்காவதைக் கேட்டால்
ஒன்றிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறது.
இருபத்து மூன்றைக் கேட்டால்
திரும்பவும் ஒன்றிலிருந்து.
உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது போதும்,
அவர் முன்னால் மட்டும்தான் போவார்.
எனக்கு அப்படியா?
அரை விரல் முன்னே, கால் விரல் பின்னே,
நாளெல்லாம் அதே இடத்தில் நடக்கிறவள்.

ஆலைக்கு ஒருநாள் விடியலில் போயிருந்தேன்.
அஞ்சரை மணிப் பெரட்டு.
மண்டோர் முதல் பெயருக்கு ஒரு டிக் போட்டார்,
அதன் வாலைப் பிடித்து
பக்கத்தின் அடிவரை
ஒரே கோடாக இழுத்துவிட்டார்.
நேற்று வந்தவர்கள்தானே.

சரி, விரித்துப் போடுவோம்.
ஃப்ரேமுக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் தன் பெயருக்குத்
தானே பதில் சொல்லட்டும்.
எண்பது எம்பி முப்பது ஜிபியாக ஊதியது.
டிஸ்க்கில் இடமில்லை.
பணம் கட்டி வாங்கிப் போய்விட்ட
ஒரு மஞ்சள் நீராட்டை அழித்தேன்.

நாலு மணிக்கு வழக்கமான இடி.
மின்சாரம் போனது
அறுநூற்றுப் பதினொன்றில்.
ஒரே கோப்பாக எழுதியிருந்தால்
மொத்தமும் பாழ்.
தனித்தனியாக இருந்ததால்
பதினொன்று வரை பத்திரம்.
மழை விட்டதும் பன்னிரண்டிலிருந்து தொடர்ந்தேன்.

இப்போது அம்புக்கு உடனே பதில்.
முன்னே, பின்னே, முன்னே.
வேகம் வந்ததும்தான் அவனைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்று சொல்லக் கூடாது.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
எட்டுச் சதுரம், பழுப்பு.
விரித்தால் விட்டுப்போனது வந்துவிடாது.
அவன் அசையவில்லை,
அதனால் கோப்பு அவனைப் பற்றி
மறுபடி எதுவும் எழுதவில்லை.

அவனை எடுத்தால் அங்கே எதை வைப்பது?
டிரோனும் நகரவில்லை, அவனும் நகரவில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பது
மரமா, குலை அடுக்கிய லோரியா,
ஆயிரம் ஃப்ரேமில் ஒன்றுக்கும் தெரியாது.

அறுநூற்று நாற்பதில் ஒரு கை உயர்கிறது.
பதினொரு ஃப்ரேம்.
வியர்வை துடைத்தானோ,
தலைக்கு மேல் ரீங்கரித்த டிரோனைப் பார்த்து
கை காட்டினானோ.
அந்தப் பதினொன்றில் மட்டும்
ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன.

நான் அவனை எடுக்கவில்லை.
மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வரைந்து
தலையில் வைத்தேன்,
கை உயரும்போது விளிம்பில் நிழல் விழும்படி.
விடிய இரண்டு மணி ஆனது.

சத்தியசீலன் கட்டைவிரல் அனுப்பினார்.
பிறகு ஒரு வரி: "ஃபோனில் ஓடுற மாதிரி
சின்னதா குடுங்க."
கொடுத்தேன், எழுபத்தெட்டு எம்பி.
ஹெல்மெட்டும் இப்போது
முன்னே சொன்ன மாதிரியேதான்.

அடுத்த வேலை ஒரு கல்யாணம்,
நான்கு மணி நேரம், மூன்று கேமரா.
ஆயிரத்தையும் குறித்துக்கொண்டு
அழிக்கப் போனேன்.
பதினொன்றைக் குறியிலிருந்து விலக்கினேன்.
முந்நூற்று முப்பது எம்பி.
அவ்வளவு இடம் இருக்கிறது.