பத்தொன்பது விநாடி

வியாழன் இரவு பன்னிரண்டு மணிக்கு
ஆறாம் மாடியின் புது ஆல்பம் இறங்குகிறது.
ஏறக்குறைய அதே நேரத்தில்தான்
நொவீனாவில் நானும் இறங்க வேண்டும்,
சுரங்கத்துக்குள், தண்டவாளம் பார்க்க.

ஆறாம் மாடி என்பது ஒரு பெண்.
பூன் லேக்காரி.
அந்தக் காலத்து மின்தூக்கி நிற்காமல் போன மாடி அது,
அதனால் அந்தப் பெயர்.
மூச்சு விடாமல் பதினாறு வரி ராப் சொல்வாள்.
'ழ' வருகிற இடத்தில் மட்டும்
கொஞ்சம் நின்று, ருசி பார்த்து, தாண்டிப் போவாள்.
போன ஆல்பத்துக்கும் இதற்கும் நடுவில்
மூன்று வருடம், இரண்டு மாதம்.
எண்ணிக்கொண்டா இருந்தாய் என்று கேட்காதீர்கள்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆரஞ்சு அங்கி, பூட்ஸ், தலைக்கவசம்.
மிஸ்டர் கோ பாதுகாப்பு விதிகளை வாசிக்கிறார்,
போன வாரம் வாசித்த அதே தாளத்தில்.
பன்னிரண்டு.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
ஊரே ஒன்றாகத் தட்டினால்
எந்தக் கதவுதான் உடனே திறக்கும்?
பன்னிரண்டு ஒன்று. இரண்டு.
திறந்தது.
ஒரு காதில் மட்டும், முடிக்குள் மறைத்து.

முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் யாரோ படியேறுகிற சத்தம்,
ரப்பர் செருப்பு.
நாலாவது படியில் அந்தச் செருப்பே தாளமாகிறது,
அடியில் பேஸ்,
வயிற்றுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டதுபோல,
அவள் மூச்சை இழுக்கிறாள்,
வாயைத் திறக்கப் போகிறாள்

"லோகேஸ், போன்."
பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறார் கோ.

பத்தொன்பது விநாடி.

கடைசி ரயில் போயாயிற்று. மின்சாரம் துண்டித்தாயிற்று.
தோ பாயோ பக்கமாக
விளக்கைத் தாழப் பிடித்து, கவ்வி கவ்வியாக நடக்கிறேன்.
காதுக்கவசத்துக்குள் அந்தப் பத்தொன்பது விநாடி
சுற்றிச் சுற்றி வருகிறது.
மூச்சிழுத்தாளே, அதற்குப் பிறகு என்ன?
என் கணக்கு: 'படி' என்று ஆரம்பிப்பாள்.
ஏறுகிற படி, புத்தகம் படி, அரிசி அளக்கும் படி,
நான் சொன்னபடி, நீ கேட்டபடி.
அவளுக்கு அது போதும், நூறு வரி உருட்டுவாள்.
நானே எட்டு வரி கட்டிப் பார்த்தேன்.
ஏழாவதில் தளர்ந்த கவ்வி ஒன்று அகப்பட்டது.
எதுகையை விட்டுவிட்டு அதற்கு வட்டம் போட்டேன்.
ரோஸ்லான் சுத்தியலால் தட்டினான்:
டங், டங், ட-டங்.
"அப்படியே இன்னொரு தடவை தட்டு."
"பைத்தியமா லா உனக்கு?"
தட்டினான்.

நாலரைக்கு மேலே வந்து பெட்டியைத் திறந்தால்
அறுபத்து மூன்று செய்தி.
எல்லாம் ஹேமலதன்.
நான் குனிந்து நடந்த நேரமெல்லாம்
தெம்பனிஸில் மல்லாந்து படுத்துக் கேட்டிருக்கிறான்.
'மூணாவது பாட்டு! மூணாவது பாட்டு!'
'ஏய், நாலுல ஒரு கொரியாக்காரி வர்றா!'
அடுத்ததற்குள் பெருவிரலால் திரையை மூடினேன்.

பேருந்து நிறுத்தம். கையெல்லாம் கிரீஸ்.
படி. செருப்பு. தாளம். நாற்காலி. மூச்சு.

'படி' இல்லை.
வார்த்தையே இல்லை.
இழுத்த மூச்சை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டாள்.
நாலு சுற்று, எட்டுச் சுற்று,
தாளம் மட்டும் தனியாக ஓடுகிறது,
என் மூச்சும் கூடவே நிற்கிறது,
முதல் பேருந்து வந்து கதவைத் திறக்கிறது,
ஓட்டுநர் என்னைப் பார்க்கிறார்,
கையசைத்து அனுப்பிவிட்டேன்.
அப்புறம் விட்டாள் பாருங்கள்!

ஐந்தாவது பாட்டு சுமார்தான்.
அதில் புல்லாங்குழலை யார் கேட்டது?
ஹேமலதன் அதற்கும் உருகியிருப்பான்,
அவனோடு தனியாகச் சண்டை இருக்கிறது.
இன்றைக்கு நான் சொல்வதை நம்பாதீர்கள்,
இன்னும் ஏழு முறையாவது கேட்க வேண்டும்.
ஆனால் எட்டாவதில், இரண்டு நிமிடம் தாண்டி,
இரும்பில் இரும்பு:
டங், டங், ட-டங்.
சத்தியமாக.
ரோஸ்லானிடம் சொன்னால் நம்பமாட்டான்.

மூன்றாவது பேருந்தும் போனது.