எர்த்

பாயின்ட்டைக் கைவிட்டது போன சித்திரையில்.
அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
கோரிப்பாளையம் சிக்னலில்
பச்சை விழுந்தும் நகராத
அறுபத்தாறாம் வருடத்து ஃபியட்டை
தேர் என்று நினைத்ததோ என்னவோ,
கூட்டம் வடம் இல்லாமலே தள்ளியது.

நெல்பேட்டைப் பட்டறையில் சவரியப்பன்
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
பாயின்ட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
ஒரு முனையில் குழி, மறுமுனையில் மேடு,
நடுவே கடுகளவு கரி.
"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு
ஃபீலர் கேஜ் வச்சு இடைவெளி பார்த்தா
இன்னும் ஆறு மாசம் ஓடும்."

வேண்டாம் என்றேன்.
இது கல்யாண வண்டி.
மாப்பிள்ளை அழைப்புக்கு மூவாயிரத்து ஐநூறு,
பூ அலங்காரம் தனி.
உப்புத்தாளுக்காக முகூர்த்தம் காத்திருக்காது.

எலக்ட்ரானிக் கிட்டைப் பொருத்திக்கொண்டே சொன்னார்:
"பாயின்ட் சாகுறதுக்கு முன்னால இருமும்மா.
இது இருமாது.
கரண்ட் போற மாதிரிப் போயிடும்."
"இருமலைக் கேட்டுக் கேட்டுத்தான்
எனக்குத் தூக்கம் போச்சு" என்றேன்.

பதினோரு மாதம்.
மார்கழி விடியலில் அரைச் சுற்றிலேயே உயிர் வந்தது.
ஐப்பசி மழையில் சிம்மக்கல் முழங்கால் நீரிலும்
பிசிறில்லாத ஓட்டம்.
மூடியை யாரும் திறக்கவில்லை.
நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்,
அதுதான் தப்பு.

திருமங்கலம் ரயில்வே கேட்.
சரக்கு வண்டி போய் முடிய பன்னிரண்டு நிமிடம்.
கேட் தூக்கியதும் சாவியைத் திருப்பினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
பின்னால் பேருந்து, அதன் பின்னால் செங்கல் லாரி,
முன்னால் நையாண்டி மேளம்
எதுவும் தெரியாமல் ஐம்பதடி போய்விட்டது.
பின்சீட்டில் பட்டு வேட்டி, மாலை,
மாப்பிள்ளை முத்திருளன்.

"கிட் செத்துருச்சு," என்றேன் என்னிடமே.
சவரியப்பன் குரல் காதில் கேட்டது,
அந்த 'ம்மா' உட்பட.

மாலையைத் தோழன் கழுத்தில் மாட்டிவிட்டு
மாப்பிள்ளை இறங்கி பானெட்டைத் தூக்கினார்.
பேரையூர்ப் பக்கம் மின்வாரியத்தில் லைன்மேனாம்,
எனக்கு அப்போதுதான் தெரியும்.
பழக்கத்தில் சட்டைப் பையில் டெஸ்டரைத் தேடினார்,
எலுமிச்சம்பழம்தான் வந்தது.
"அக்கா, எர்த் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.
பதினோரு மாதமாக மட்டுமல்ல,
எப்போதுமே பார்த்ததில்லை.

கிரில்லில் சாமந்தியைக் கட்டியிருந்த
பைண்டிங் கம்பியில் ஒரு முழம் பிடுங்கி
டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஆடும் தட்டுக்கு ஒரு முனை,
வெளி உடலின் திருகுக்கு மறுமுனை.
"அடிங்க."
அடித்தேன்.
நாலு சிலிண்டரும் ஒரே மூச்சில் பேசின.
வேட்டியில் கிரீஸ், நடுவிரல் அகலத்துக்கு;
பெண் வீட்டார் ஆரத்தி எடுக்கையில்
முதலில் பார்த்தது அதைத்தான்.

மறுநாள் சவரியப்பன் அந்தச் சின்ன எர்த் ஒயரைப் பிரித்தார்.
துணி உறை முழுசாக இருந்தது.
உள்ளே இழை இழையாக அறுந்து
இரண்டே இரண்டு நூல் செம்பு,
அதுவும் குலுங்கினால் தொடும், குலுங்கினால் விடும்.

"இது இன்னைக்கு நேத்து அறுந்தது இல்லை."
சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.
கோரிப்பாளையத்திலும் இதுதானா?
குழி விழுந்த அந்தப் பாயின்ட் நிரபராதியா?
எடைக்குப் போட்டாயிற்று, கேட்க வழியில்லை.
பாதிக் குற்றமாவது அதன்மேல் இருக்கும்
என்று வைத்துக்கொள்கிறேன்.

"பாயின்ட்டுக்கே திரும்பிடலாமா?" என்றார்.
"முதல்ல ஒயரை மாத்துங்க."

கிட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.
டேஷ்போர்டு பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகையில் சுற்றி
ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டென்சர்.
அந்தக் கண்டென்சர் நல்லதா என்று
யாருக்கும் தெரியாது.

முத்திருளனுக்கு வாடகையில் ஐநூறு குறைத்தேன்.
வாங்கிக்கொண்டார்.
ரசீதும் கேட்டார்.