மூன்றாவது விலைமனு

சம்மாந்துறை ஆலைவாசலில் என் ஏழு லொறிகள்.
முதலாமவன் திரையில் அவை
ஏழு நீலப் புள்ளிகள்.
இத்தனை லீற்றர், இத்தனை மணி,
மாதம் இத்தனை ரூபா.

மாரியில் கிட்டங்கி மூழ்கினால்
உங்கட புள்ளி என்ன செய்யும்? என்றேன்.
"நீந்தாது மெடம்."
தானே சிரித்தான்.

இரண்டாமவர் கிட்டங்கியை
வரைபடத்தில் தேடித் தேடித்
தேநீரை ஆறவிட்டார்.

யதுநந்தினிதான் கேட்டாள்:
இப்ப யார் சொல்றது, பாதை இல்லையெண்டு?

சறூக்.
தண்ணி ஓரத்தில லொறிய நிப்பாட்டி
சாரத்த மடிச்சுக் கட்டி இறங்குவான்.
முழங்காலத் தாண்டினா
எனக்கொரு மிஸ்கோல்.

'முழங்கால்' என்று எழுதிக்கொண்டாள்.
பேனையை எடுக்காமலே,
சறூக் என்ன உயரம்?

அவள் விலைதான் மூன்றிலும் கூட.
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.
வெளியே
தூற ஆரம்பித்துவிட்டது.