முப்பது ஹெர்ட்ஸ்

மீர்சாகிப்பேட்டை டியூஷன் சென்டருக்கு
இரண்டாயிரம் நோட்டீஸ்.
கல்வி மையம் என்றுதான் அடித்தேன்.
பதினேழு இஞ்ச் பழைய மானிட்டரில்
ல் தலையில் புள்ளி இருந்த மாதிரிதான் இருந்தது.
அச்சில் இல்லை.

புள்ளி போனால் கல்வி என்ன ஆகும் என்று
தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.
ஜாம்பஜார் வரை விநியோகித்த பையன்களுக்கும்
யாரும் சொல்லவில்லை.
சிரித்துச் சிரித்தே கொடுத்து முடித்தார்களாம்.

"கண்ணைக் காட்டும்மா" என்றார் முதலாளி துரைக்கண்ணு.
காட்டினேன். கண்ணில் ஒன்றுமில்லை.
அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்.

இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஒரு காரை ஓடவிட்டான் அஃப்சல்.
"இது அறுபதுக்கா, இது நூத்தி நாப்பத்தி நாலு.
வித்தியாசம் தெரியுதா?"
தெரிந்தது.
ஆனால் தம்பி, என் வேலையில் எதுவும் ஓடுவதில்லை.
மணமகனும் மணமகளும் போட்ட இடத்தில் நிற்கிறார்கள்.
கண்ணீர் அஞ்சலியில் கைகூப்பியவர்
கூப்பியபடியே.
எனக்குப் புள்ளி தெரிந்தால் போதும்.
ஃபோர்-கே ஒன்றைத் தூக்கி வைத்தான்.

வயர் மட்டும் பழையது,
முதலாளியின் டிராயரில் கிடந்தது.
புள்ளிகள் வந்துவிட்டன, ஊசிமுனை மாதிரி.
அம்புக்குறிதான்
கைக்குப் பின்னால் பின்னால் வந்தது,
ஐஸ் ஹவுஸ் பக்கம் முழங்கால் மழைநீரில்
நடப்பவரைப் போல.
நாற்பத்தாறு வயது, மணிக்கட்டு, சர்க்கரை,
எதன்மேல் பழி போடுவதென்று
ஒரு மாதம் யோசித்தேன்.
தைலம் தேய்த்தேன்.

யூபிஎஸ் பார்க்க வந்த லூர்துராஜ்
செட்டிங்ஸைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தான்.
"முப்பதுல ஓடுது மேடம்.
எப்படி வேலை பாத்தீங்க?"
என் கைதான் மெதுவாகிவிட்டது என்று நினைத்து,
தம்பி,
அப்படித்தான் பார்த்தேன்.

நானூறு ரூபாய் வயர்.
அம்பு கையோடு வந்தது.
தைல பாட்டில் இன்னும் மேசையில் இருக்கிறது.
நூற்று நாற்பத்து நாலில்
இன்னும் எதை எதையெல்லாம்
உடம்பின் குறை இல்லை என்று சொல்லியிருப்பார்களோ,
கேட்கப் பயம்.

இப்போது வேறொரு தொல்லை.
இத்தனை துல்லியத்தில்
பைகிராப்ட்ஸ் ரோட்டுப் புழுதியும் தெரிகிறது.
எல்லா எழுத்தின் தலையிலும் ஏதோ ஒன்று.
முந்தானையால் துடைக்க நேரமில்லாத நாளில்
பக்கத்தை லேசாக உருட்டிப் பார்க்கிறேன்.
எழுத்தோடு போனால் புள்ளி.
நின்றுவிட்டால் தூசி.